டப்பாவுக்குள் போன போட்டோ

மருமகளே தனப்பிரியா சாமி,

இந்தக் காலத்தில் அடிபட்டவனைத் தூக்குவதற்கு முன்னால் போட்டோ எடுக்கிறார்கள். நீயும் அதைத்தான் செய்தாய். கிணற்றுத் தண்ணீர் முறைச் சண்டையில் பங்காளி மருதாசலம் என் மகன், உன் புருஷன் மண்டையைக் கடப்பாரையால் பிளந்தான். நீ போனைத் தூக்கினாய்.

மாரியம்மனுக்கு நான் காப்புக் கட்டியிருக்கையில் அந்தப் போட்டோவின் ரத்தம் கண்ணில் படக்கூடாதென்று, போனில் இருந்த டப்பாப் படத்தை அமுக்கினேன். உள்ளே வைத்துப் பூட்டும் என்று நினைத்தேன். எல்லாம் அழிந்துவிட்டது.

“அது குப்பைத்தொட்டிங்க மாமா. முப்பது நாளைக்கு அதுலயேதான் கெடக்கும், எடுத்துப்போடலாமுங்க” என்கிறாய். அழித்ததை எவன் பத்திரமாக வைத்திருப்பான்? போட்டோ இல்லையென்றால் ஸ்டேஷனில் நம் பேச்சு எடுபடாது.

போனைப் பத்திரமாக அரிசி டிரம்மில் ஒளித்து வைத்திருக்கிறேன். தூக்குப்போசியில் கஞ்சி ஊற்றி வைத்திருக்கிறேன். ஆறுவதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அவனுக்குக் கொடு.

போட்டோ கிடைத்தால் ஸ்டேஷனுக்கு நீயே போ. கிடைக்குமென்று எனக்கு நம்பிக்கை இல்லை.

பின்குறிப்பு: கொடுவாளைத் தேடாதே. என் கைக்காப்பை அவிழ்த்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன். இன்றைக்குத் தண்ணீர் மருதாசலத்தின் முறை. கிணற்று மேட்டில் தனியாகத்தான் நிற்பான். நான் போகிறேன்.