ஊன்றுகோலுக்கு வந்த நன்கொடை

12.9.1998
டாக்டர் முழங்காலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். "இனிமே ஓடும்மா, குதி" என்று சொல்லிவிட்டார். பத்து மாதம்! மதுரையிலிருந்து சின்னமனூர் வரும்வரை பஸ்ஸில் காலைத் தட்டிக்கொண்டே வந்தேன். ஊன்றுகோல் இரண்டையும் பரணில் போட்டாயிற்று. அங்கேயே கிடக்கட்டும் சனியன்.

14.9.1998
கிரவுண்டில் ஐம்பது ஷாட். முப்பத்தொன்று கூடையில் விழுந்தது. வலித்தது. வலிக்கட்டும்.

15.9.1998
நான் வேலை பார்க்கும் எஸ்.டி.டி. பூத்துக்கு எங்கள் கூடைப்பந்து டீம் செயலாளர் கர்ணன் அண்ணன் வந்தார். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் செத்துக் கிடந்தது.

"ஏம்மா அனுசுயா, அதுக்குள்ள கிரவுண்டுக்கு ஏன் போன? நாலு பேரு பாத்துட்டாக."

பார்த்தால் என்ன?

விஷயம் இதுதான். என் ஆபரேஷனுக்கு என்று அடித்த ரசீதுப் புத்தகம் இன்னும் ஓடுகிறதாம். அட்டையில் நான், ஊன்றுகோலோடு, அழுமூஞ்சியாக. ஆபரேஷன் செலவு மார்ச்சிலேயே தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த பணத்தில்தான் புதுப் பந்து, பனியன், திண்டுக்கல் போன வேன் எல்லாம். நான் நன்றாக ஆடிய நாலு வருஷமும் டீமுக்கு ஒருத்தர் நூறு ரூபாய் கொடுத்ததில்லை!

கம்பம் ஏலக்காய் வியாபாரி நூர் முகம்மது பாய் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். என் 'இரண்டாவது ஆபரேஷனுக்கு' பத்தாயிரம் தருகிறார். சேலம் மாநிலப் போட்டிக்குப் போக அதுதான் பணம். "ஒரு அரைமணி நேரம் கம்ப ஊனி நில்லு. பெறகு எம்புட்டு வேணாலும் ஆடு."

எனக்கே தெரியாமல் எனக்கு ஒரு ஆபரேஷன்.

17.9.1998
கேப்டன் ராமுத்தாயும் அதையே சொல்கிறாள். "வீம்பு பிடிக்காதடி. பத்துப் பேரு போகணும்." மாநிலப் போட்டி ஆடினால்தான் அவளுக்கு விளையாட்டுக் கோட்டாவில் வேலை. தெரியும். அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

ஆனால் நொண்டி மாதிரி நடிக்க முடியாது. முடியாதுன்னா முடியாதுதேன்.

20.9.1998
கிரவுண்டுக்குப் பாய் வந்தார். கர்ணன் அண்ணன் ஊன்றுகோலை நீட்டினார். என் வீட்டுப் பரணிலிருந்தே எடுத்து வந்திருக்கிறார்! வாங்கிச் சுவரில் சாத்தினேன். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடி, எம்பி, கூடைக்குள் போட்டேன். இன்னொன்று. இன்னொன்று.

"ஏம்மா, அப்ப ரெண்டாவது ஆபரேஷன்?" என்றார் பாய்.

"அப்பிடி ஒண்ணே கெடையாது பாய். ஏப்ரல்ல இருந்து வந்ததெல்லாம் டீம் செலவுக்குத்தேன் போச்சு. எனக்கே இந்த வாரந்தேன் தெரியும்."

பாய் கொண்டு வந்த செக்கை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டார். ராமுத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து அழுதேன். ஆமாம், அழுதேன். அதுக்காக நான் செஞ்சது தப்புன்னு ஆயிருமா?

22.9.1998
பாவம் பார்த்துக் கொடுத்தார்கள் அல்லவா? இனி என்னிடம் தோற்றுவிட்டுக் கொடுக்கட்டும்.

26.9.1998
கிரவுண்டில் போர்டு வைத்தேன். 'அனுசுயாவோடு போட்டி. ஆளுக்கு ஐந்து ஷாட். கட்டணம் பத்து ரூபாய். ஜெயித்தால் ஐம்பது.'

வாழைத்தார் லோடு ஏற்றுகிறவர்கள், ஆட்டோக்காரர்கள், பேங்க் கிளார்க் ஒருவர். "பொம்பளப் புள்ளகிட்டயா தோக்கப் போறோம்?" என்று வந்தார்கள். தோற்றார்கள். தோற்றவர்களே மறுபடி வரிசையில் நின்றார்கள்! ராமுத்தாய் வந்து பந்து பொறுக்கிப் போட்டாள். பேச்சு மட்டும் இல்லை.

4.10.1998
மூன்று பேரிடம் நான் தோற்றதுபோகக் கையில் 1,860. பத்தாயிரம் எங்கே, இது எங்கே? பஸ்ஸுக்குச் சரியாக இருக்கும்.

சாயங்காலம் அந்தக் கார் வந்து நின்றது. பாய் வரிசையில் நின்றார். முன்னால் நின்றவர்கள் விலகி வழிவிட்டும் அவர் முந்திப் போகவில்லை. முறை வந்ததும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஐந்து எறிந்தார், ஒன்றும் விழவில்லை. நான் நாலு போட்டேன்.

"காலு நல்லாத்தேன் இருக்கு" என்றார். பத்து ரூபாய் கொடுத்தார். பத்தே பத்து. நானும் மேலே கேட்கவில்லை. இந்த வருஷம் எனக்கு வந்த பணத்திலேயே அதுதான் பெரிசு.

8.10.1998
சேலம். பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் பத்துப் பேர். வீட்டிலிருந்து கட்டி வந்த புளிச்சோறு. முழங்கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது.

ராமுத்தாய் எங்கேயோ போய் ஐஸ் வாங்கி வந்து வைத்துக் கட்டினாள். பதினெட்டு நாள் கழித்து வாயைத் திறந்தாள்.

"நாளைக்கு மொத அஞ்சு பேர்ல நீயும் உண்டு. வலிக்குதுன்னு மட்டும் வெளிய சொல்லிராதடி. கர்ணன் அண்ணன் ரசீதுப் புத்தகத்தத் தூக்கிட்டு வந்துருவாக."