பின்னால் எறிந்த பந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் இருமல் குறைந்ததா? வாவியில் இறால் படுகிறதா?

சைப்பிரஸில் குளிர் தொடங்கிவிட்டது. போன ஞாயிறு லீவுக்குப் பூங்காவில் இருந்தேன். பக்கத்தில் சில பொடியன்கள் றக்பி விளையாடினார்கள். பந்து என்னிடம் வந்தது. பழைய பழக்கத்தில் பிடித்து, திரும்பிப் பார்க்காமலே பின்னால் எறிந்தேன். பின்னால் இருந்தது குளம். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நானே இறங்கி எடுத்துக் கொடுத்தேன். காய்ச்சல் ஒன்றும் வரவில்லை, பயப்படாதீர்கள்.

எங்கள் கழகத்துப் பெண்கள் அணி மூன்று வருடம் தொடர்ந்து கிண்ணம் எடுத்ததே, அப்போது நீங்கள் மைதானத்து எல்லைக்கோட்டருகே சைக்கிளோடு நின்று, "ஏன் மகள் பின்னுக்கு எறியிறாய், முன்னுக்கு எறி" என்று கத்துவீர்கள். றக்பியில் கையால் முன்னுக்கு எறியக்கூடாது என்று எத்தனை தரம் சொன்னாலும் நீங்கள் நம்பவில்லை. நான் எறிகிற இடத்தில் கம்சாயினி ஓடி வந்துகொண்டிருப்பாள். அவள் வருகிறாளா என்று நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

அவள் இப்போதும் குருக்கள்மடத்தில்தானா? அவளுடைய புதிய நம்பரை வாங்கி அனுப்புங்கள். மிளகாய்த்தூளும் முடிந்துவிட்டது.

வேலை வீட்டு அம்மா கூப்பிடுகிறார், போகவேண்டும். தூள் பிந்தினாலும் பரவாயில்லை அப்பா. நம்பரை மறந்துவிடாதீர்கள்.

உங்கள் மகள்,
துஷ்யந்தினி