வலது பாதத்தின் நாடி

மன்னார்புரம், திருச்சி
18-1-1959

அன்புள்ள ராசாத்திக்கு,

இங்கு அனைவரும் சுகம். பொங்கலுக்கு மயிலம்மாள் அக்கா மண்ணச்சநல்லூரிலிருந்து புது அரிசியோடு வந்திருக்கிறார். "ஊர்ல டாக்டரம்மா இருந்தா போதாதா, கடல் தாண்டி எதுக்கு?" என்று தினமும் கேட்கிறார்.

உன் கடிதம் முழுக்க ரத்தக்குழாய்தான். பனி பெய்கிறதா, சோறு கிடைக்கிறதா என்று ஒரு வரி எழுதக் கூடாதா?

ஸ்ரீரங்கம் போயிருந்தேன். அம்மா மண்டபத்திலிருந்து கோயில்வரை நடக்க முடியவில்லை. இடது கெண்டைக்கால் கயிறு போட்டு இறுக்கியதுபோல் பிடித்துக்கொள்கிறது. நின்றால் விடுகிறது, நடந்தால் மறுபடியும் பிடிக்கிறது. "வாதம்டா, எண்ணெய் தேய்ச்சா போயிரும்" என்கிறார் அக்கா.

உன்,
ரெங்கராஜ்


ஸ்டாக்ஹோம், சுவீடன்
29-1-1959

அன்புள்ள அத்தானுக்கு,

பனி பெய்கிறது. சோறு கிடைக்கவில்லை. நீங்கள் கேட்ட இரண்டையும் எழுதிவிட்டேன். இனி நான் சொல்வதைக் கேளுங்கள்.

எண்ணெய் வேண்டாம். நடந்தால் பிடித்து நின்றால் விடுகிற வலி வாதமல்ல. காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுகிறது. நம் பக்கத்தில் புகை பிடிக்கும் இளவயது ஆண்கள் எத்தனையோ பேர் இப்படித்தான் காலை இழக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இங்கே வந்தேன். தொடையில் ஊசி குத்தி, மெல்லிய குழாயை ரத்தக்குழாய்க்குள் விட்டு, சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கிறார்கள். ஆறு எங்கே வற்றுகிறது என்று மேலே நின்று பார்ப்பதுபோல அடைப்பு தெரிகிறது. நான் இன்னும் பக்கத்தில் நின்று பார்க்கிற நிலையில்தான் இருக்கிறேன்.

சிகரெட்டை இன்றே விடுங்கள். சென்னை போய்ச் சர்ஜனிடம் காட்டுங்கள். அக்காவிடம் பயமுறுத்திச் சொல்ல வேண்டாம்.

தங்கள் அன்புள்ள,
ராசாத்தி


மன்னார்புரம்
5-4-1959

அன்புள்ள ராசாத்திக்கு,

வாயில் வைக்கிற சிகரெட்டுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேலி செய்து எழுத நினைத்திருந்தேன். இப்போது கேலி வரவில்லை. சுண்டுவிரல் கறுத்துவிட்டது.

சென்னையில் சர்ஜன் என் தொடைமேல் கையை வைத்து, "காலை இங்க எடுத்துட்டா நல்லது. கீழே எடுத்தா ஆறுமான்னு சொல்ல முடியாது" என்றார். அவகாசம் கேட்டிருக்கிறேன்.

நீ வராதே. படிப்பை முடித்து, சான்றிதழ் வாங்கிக்கொண்டு வா. பாதியில் வந்தால் என் காலும் போகும், உன் படிப்பும் போகும்.

உன்,
ரெங்கராஜ்


ஸ்டாக்ஹோம்
14-4-1959

அன்புள்ள அத்தானுக்கு,

கிளம்புகிறேன். பாதியில் போகிறவர்களுக்குச் சான்றிதழ் கிடையாதாம். என்ன அவசரம் என்று பேராசிரியர் கேட்டார். ஊரில் ஒரு படம் எடுக்க வேண்டியிருக்கிறது என்றேன். இரண்டு குழாய்களை எடுத்துக் கொடுத்தார்.

போன வாரம் முதல் முறையாகத் தனியாக ஒரு நோயாளிக்குப் படம் எடுத்தேன். அடைப்பு தெளிவாகத் தெரிந்தது.

நான் வரும்வரை தொடையில் யாரும் கத்தி வைக்கக் கூடாது.

ராசாத்தி


மன்னார்புரம்
6-8-1961

அன்புள்ள ராசாத்திக்கு,

கட்டைக்காலோடு ஆபீஸ் மாடிப்படி ஏறுகிறேன். முழங்கால்வரை ரத்தம் ஓடுகிறது என்று நீ படத்தைத் தூக்கிக் காட்டியிராவிட்டால், முழங்காலுக்குக் கீழே போனது தொடையோடு போயிருக்கும். அதை மறக்கவில்லை.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். மாதம் ஒரு முறை சென்னை ஆஸ்பத்திரி வேலையிலிருந்து வருகிறாய். வந்ததும் குனிந்து என் வலது பாதத்தைத் தொடுகிறாய். "எவ்வளவு படிச்சாலும் புருஷன் காலைத் தொட்டுக் கும்பிடுறா பாரு" என்று அக்கா தெருவெல்லாம் பெருமை பேசுகிறார். நீ நாடி பார்க்கிறாய் என்று நான் சொல்லவில்லை. அடுத்து, புகை வாடை வருகிறதா என்று சட்டையை முகர்கிறாய். என் முகத்தைப் பார்ப்பதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிடுகிறது.

நான் உனக்குப் புருஷனா, உன் ஆராய்ச்சிக்கு வந்த ஆளா?

திருச்சியிலேயே உனக்கு எக்ஸ்ரே வேலை கிடைக்கும். வந்துவிடு. முடியாதென்றால், இப்படி வந்து போவதையும் நிறுத்திவிடலாம்.

ரெங்கராஜ்


சென்னை
13-8-1961

அன்புள்ள அத்தானுக்கு,

படம் எடுத்த அன்று, சாயம் காலுக்குள் இறங்கியதும், "எரியுது ராசாத்தி, எடுத்துரு" என்று கத்தினீர்கள். நான் எடுக்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்க்கவும் இல்லை. பார்த்திருந்தால் பாதியில் நிறுத்தியிருப்பேன். அன்றைக்குத் திருப்பிக்கொண்ட கண்ணை இன்னும் சரியாகத் திருப்பி வைக்கவில்லை போலிருக்கிறது. இதை எனக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

நேற்று மண்ணச்சநல்லூர் அரிசி மில்லில் மூட்டை தூக்கும் பிச்சமுத்து என்பவர் வந்தார். வயது முப்பத்திரண்டு. உங்களைப் போலவே கால்விரல் கறுத்திருந்தது. உங்கள் தொடையில் கை வைத்த அதே சர்ஜன் என்னைக் கூப்பிட்டு, "படம் பாக்காம எங்க வெட்டுறதுன்னு நான் எப்படிச் சொல்றது டாக்டர்?" என்றார். இரண்டு வருடத்துக்கு முன் அவர் இப்படிக் கேட்டிருப்பாரா?

இங்கே இருக்கிற கருவி திருச்சியில் இல்லை. நான் வரமாட்டேன், அத்தான். இதை மெத்தென்று எழுத எனக்குத் தெரியவில்லை. என்னைப் பார்க்க வேண்டும் என்று எழுதினால் சனிக்கிழமையே ரயிலேறுவேன். வேண்டாமென்றால் தொந்தரவு செய்யமாட்டேன்.

தங்கள்,
ராசாத்தி


மன்னார்புரம்
4-10-1961

அன்புள்ள ராசாத்திக்கு,

உடனே பதில் எழுதாததற்குக் காரணம் கோபம். கோபம் தீர்ந்த பிறகும் எழுதாததற்குக் காரணம், ஆபீஸிலிருந்து ஒரு பதில் வரவேண்டியிருந்தது. வந்துவிட்டது. நான் கேட்டபடி சென்னையில் பெரம்பூருக்கு மாற்றல் கொடுத்துவிட்டார்கள்.

அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "பொண்டாட்டி வேலை பாக்குற ஊருக்குப் புருஷன் போறது நம்ம பக்கத்துல உண்டாடா?" என்றார்.

"இல்லக்கா. நான் போயிட்டு எப்படியிருக்குன்னு சொல்றேன்" என்றேன். சிரித்துவிட்டார். ஊறுகாய்ப் பானை ஒன்று என்னோடு வருகிறது.

வருகிற புதன்கிழமை காலை எழும்பூரில் இறங்குவேன். நீ ஸ்டேஷனுக்கு வா. என் காலை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

அயனாவரத்தில் ஒரு வீடு அமைந்திருக்கிறது. வீட்டுச் சொந்தக்காரர், குடிவரும் குடும்பத்தின் தலைவர் யார் என்று கேட்டு எழுதியிருந்தார். டாக்டர் ராசாத்தி என்று பதில் போட்டுவிட்டேன்.

உன்,
ரெங்கராஜ்