ஏரியில் மனை விற்றவரின் அஞ்சலி

செத்து ஒரு வருஷம் ஆகியும் வாசலில் ஆள் சேர்க்கும் என் ஆசை அப்பாவுக்கு,

நான் சொல்லச் சொல்ல, டைப் அடிக்கும் சாந்தி எழுதிக்கொள்கிறாள். எழுத்துக்கூட்டிப் படிப்பவளிடம் ஒரு வாரப் பத்திரிகையை விட்டுப் போனீர்கள். பெண்களைப் படிக்க வையுங்கள் என்று ஊருக்கெல்லாம் எழுதிய மனுஷன், என்னை மட்டும் ஏன் நான்காம் வகுப்போடு நிறுத்தினீர்கள்? சரி, அது கிடக்கட்டும்.

போன வாரம் உங்கள் நினைவு நாள். அஞ்சலி விளம்பரம் கொடுக்க எத்தனை பேர்! நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவர்கள். வாலாஜாபாத்தில் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர், கண்ணீர் அஞ்சலிக்குக் கூலிங் கிளாஸ் போட்ட படத்தை அனுப்பினார். அழுதாரா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? அவர் மண்டபத்துச் சாம்பார் மாதிரிதான் அவர் துக்கமும், எல்லாம் தண்ணீர். நான் எங்கேயோ போகிறேன்.

மனை விற்கும் ஏழுமலை வந்தார். முதல் பக்கம் முழுக்க வேண்டுமாம். அதில் உங்கள் படம் தபால்தலை அளவு. கைகூப்பி நிற்கிற அவர் படம் கதவு அளவு. கீழே, ஒரகடம் கம்பெனிகளுக்குப் பக்கத்தில் வீட்டுமனை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னாம்மா சிரிக்கிற? உங்கப்பாவுக்கு மரியாத பண்றேன்."

"அவரத்தான் தேடிக்கினு கீறேன் அண்ணா. எந்த மூலையில கீறாரு?"

"டிசைன் அப்பிடிம்மா. எடத்தப் பாரு, சூப்பர் எடம்."

"மழைக்கு அங்க கொக்கு நின்னுகினு இருந்துச்சே?"

"கொக்கு எங்கதாம்மா நிக்கல?"

அது ஏரி. உங்களுக்கும் தெரியும். தெற்கிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த பிள்ளைகள் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்ததை, நம் பத்திரிகையை நம்பி அதில் கொட்டினார்கள். மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததும், 'அதிகாரிகள் கவனிப்பார்களா?' என்று நீங்களே செய்தியும் போட்டீர்கள். அடுத்த பக்கத்தில் அவர் விளம்பரம். என்ன நெஞ்சழுத்தம் அப்பா உங்களுக்கு?

ஏழுமலை விளம்பரம் வேண்டாம் என்றதும் உங்கள் தம்பி குதித்தார். "அவரு வெளம்பரத்துலதான் பேப்பரே ஓடுது கற்பகம். வேணான்னா அடுத்த மாசம் பூட்டிக்கினு வூட்ல குந்து."

பொய்யில்லை. பூட்ட வேண்டித்தான் வரும் என்று எனக்கும் பயம். ஆனாலும் ஏழுமலையைத் திருப்பி அனுப்பினேன். முதல் பக்கத்தில் அந்த மனைகள் மழையில் மூழ்கிக் கிடக்கும் படம். 'இது ஏரி. ஏழுமலையிடம் வாங்காதீர்கள். இத்தனை வருஷம் இந்த விளம்பரத்தைப் போட்டவர் என் அப்பா.' அவ்வளவுதான் எழுதச் சொன்னேன். உங்களையும் சேர்த்துத்தான். கோபமா?

கூலிங் கிளாஸ்காரர் உட்பட எல்லோரும் விளம்பரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். உங்கள் தம்பி இந்தப் பக்கமே வருவதில்லை.

இனி ஒரு சேதி. பேப்பர் கடைக்குப் போன அன்றைக்கே, குன்றத்தூர் வரைக்கும் ஒரு பிரதி விடாமல் ஏழுமலையின் ஆட்கள் காசு கொடுத்து வாங்கிப் போய்விட்டார்கள். யாரும் படித்துவிடக் கூடாதாம். உங்கள் காலத்தில் ஒரு வாரமாவது மிச்சமில்லாமல் விற்றதுண்டா?

அதனால் இந்த வாரமும் அதே படம். இரண்டு மடங்கு அடிக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த ஆள் வாங்கி ஓயும்வரை போட்டுக்கொண்டே இருப்பேன் அப்பா, இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் பெயரைக் கெடுத்துப் பத்திரிகையைக் காப்பாற்றும் மூத்த மகள்,
கற்பகம்