உள்பக்கம் தேய்ந்த டயர்

மாசி 9, வெள்ளி.

அண்ணன் லீவில் வந்தபோது காரின் உயரத்தைக் குறைத்துவிட்டுப் போனான். ரோட்டில் காயும் நெல்மேல் ஏறினாலே அடி உரசுகிறது. இப்போது முன்டயர் இரண்டும் உள்பக்கம் கம்பி தெரியத் தேய்ந்துவிட்டன.

இன்று நீடாமங்கலம் மெக்கானிக், காரைத் தாழ்த்தியதில் மேல்பக்கம் உள்ளே சாய்ந்துவிட்ட சக்கரங்களின் சாய்வை அளந்து பார்த்தார். "சக்கரத்த நிமிர்த்துற கேம்பர் போல்ட் மட்டும் போட்டா இவ்வளவு சாய்வு நிமிராதுங்க. மேல ஷாக் அப்சார்பர் தலையில கேம்பர் பிளேட் மாத்துங்க, இல்லன்னா வண்டிய பழைய உயரத்துக்கே ஏத்திடுங்க" என்றார்.

துபாய்க்குப் போன் போட்டு அண்ணனிடம் கேட்டேன். "ஏத்தாத. போல்டே போதும்" என்றான். தேய்ந்த இடத்தைப் படமெடுத்து அனுப்பினேன்.

"உள்பக்கத்த யாருடா பாக்கப்போறா?" என்கிறான்.

நாளைக்கு அவன் மனைவியையும் குழந்தையையும் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டும். பஸ்ஸில் போகலாம் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டேன். வண்டி வாசலில் அழகாக நிற்கட்டும்.