சைக்கிள்கள் குடியிருக்கும் அறை

மார்ச் 2, திங்கள்

என் வெட்டுமேசைக்கென்று ஒதுக்கிய சின்ன அறையில் இன்று நான்கு சைக்கிள்கள் குடியேறிவிட்டன. நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, ஆபீசுக்கு லீவு போட்டு, சுவரைத் துளைத்து, இரும்புத் தாங்கிகள் மாட்டி, ஒவ்வொன்றையும் முன்சக்கரம் மேலே இருக்கும்படி தொங்கவிட்டிருக்கிறார் என் கணவர். கசாப்புக் கடை மாதிரி இருக்கிறது.

“தரை பூரா காலி பாரு. உன் மேசையத் தாராளமாப் போட்டுக்கோ” என்றார்.

ஹேண்டில்பார்கள் பாதி அறைவரை நீட்டிக்கொண்டிருக்கின்றன. கதவு பாதிதான் திறக்கிறது. ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும். தாராளமாம்!

மார்ச் 4

சீருடை தைக்கும் கம்பெனிக்குக் காகிதத்தில் அளவு வெட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. அதைச் சாப்பாட்டு மேசையில் செய்கிறேன்; சாப்பாட்டு நேரம் வந்தால் எல்லாவற்றையும் சுருட்ட வேண்டும்; மறுபடி விரித்தால் கோடு கோணிவிடுகிறது. இன்று ஒரு சட்டைக் கைக்கான காகிதத்தின்மேல் டீ கொட்டியது. கம்பெனி மேலாளர் போனில், “இப்படியே கோணலா வந்தா வேற ஆளப் பாத்துக்குறோம்மா” என்றார்.

இவரிடம் சொன்னேன். செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே “ம்” என்றார்.

மார்ச் 7

மலைக்கு ஒன்று, சாலைக்கு ஒன்று, மழைக்கு ஒன்று. நான்காவது எதற்கு என்றால், “அது வேற மாதிரி.” ஆபீசுக்குப் போவதோ பஸ்ஸில். சாம்பியன்!

மார்ச் 8

நல்ல மழை. சாம்பியன் மழை சைக்கிளை எடுக்கவில்லை. நனைந்துவிடுமாம்.

மார்ச் 12

துளை போடும் சத்தம் கேட்டு, மேலே குடியிருக்கும் ஓனர் அன்றைக்கே விசாரித்தாராம். “காலண்டர் மாட்டுறேன் சார்” என்று சமாளித்திருக்கிறார் இவர். இத்தனை ஓட்டைக்கு அது என்ன காலண்டரோ! சுவரில் ஆணி அடிக்கவே கூடாது என்று குடிவந்த அன்றே கறாராகச் சொன்ன மனிதர் அந்த ஓனர். நான் சொல்லிக் கேட்காதவர், அவர் சொன்னால் கழற்றித்தானே ஆக வேண்டும்?

மாடிக்குப் போய், “சின்ன ரூம் சுவத்த ஒரு தடவ வந்து பாருங்க சார்” என்று சொல்லிவிட்டு வந்தேன். இது காட்டிக்கொடுப்பதா? ஆமாம். இருக்கட்டுமே.

மார்ச் 15, ஞாயிறு

ஓனர் வந்தார். ஒருக்களித்து நுழைந்தார். சாம்பியன் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

ஓனர் தாங்கியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை வேடிக்கை பார்த்தார். பிறகு கேட்டார்:

“இன்னொண்ணு மாட்ட எடம் இருக்குமா தம்பி?”

மொட்டை மாடி அறையில் ஒரு சைக்கிள் வைத்திருக்கிறாராம். மூட்டுவலியோடு அவ்வளவு படி தூக்கி இறக்க முடியவில்லையாம். அப்புறமென்ன, இரண்டு பேரும் கட்டிப்பிடிக்காத குறைதான்.

போயும் போயும் இந்த ஆள்கிட்டயா போய்ச் சொன்னேன்! எம் புத்திய செருப்பால அடிக்கணும்.

மார்ச் 16

ஐந்து. கதவு இப்போது கால்வாசிதான் திறக்கிறது.

மார்ச் 18

பாத்திரம் கழுவும்போது சட்டென்று உறைத்தது — அந்த ஐந்தாவது இங்கே வந்துவிட்டதே, மேலே அது நின்ற அறையில் இப்போது என்ன நிற்கிறது?

ஈரக் கையோடு படியேறினேன். கேட்டேன். ஓனர் இழுத்தார்: “அதுக்குத் தனியா வாடகைன்னு…”

“உங்க சைக்கிளுக்கு நாங்க வாடகை கேட்டோமா சார்?”

உள்ளே ஓனரம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. சாவியை அவர்தான் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

மொட்டை மாடி அறையில் முழுக்கால்சட்டை அளவு ஒன்றை மடிக்காமல், சுருட்டாமல், ஒரே விரிப்பில் வெட்டினேன். மேலாளர் இந்த வாரம் வேறு ஆள் பேச்சே எடுக்கவில்லை. சாயங்காலம் சாம்பியன் இரண்டு டீயோடு மேலே வந்து வாசலில் நின்றார்.

“கீழ நிக்கக்கூட எடமில்ல. ஓனர் வேற வந்து காத்து அடிச்சுட்டு இருக்கார். செத்த நேரம் இங்க உக்காந்துக்கவா?”

“டீய மேச மேல வைக்காதீங்க” என்றேன்.

காற்று வரட்டும் என்று கதவை விரியத் திறந்துதான் வைத்திருந்தேன். ஆனாலும் மனிதர் உடம்பை ஒருக்களித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார்.