யானை வனையும் இளையோர்க்கு ஆற்றுமண் வேண்டிய ஓலை

நலம் ஓங்குக. ஏழேரி நாடாளும் வேந்தர் நன்மாறவேளின் திருவுளப்படி, சிற்பச்சாலை மேலாளன் இளவெயினன், கருந்துறைக் கூற்றத்தின் காவலரும் கரைமண் உரிமை உடையவருமாகிய செழியாதனார் திருமுன் விடுக்கும் ஓலை. தங்கள் துறையில் நீர் வற்றாதிருக்க. தங்கள் மனைகளில் விளக்கு அணையாதிருக்க.

என் நலம் வினவியிருந்தீர்கள். விடியலில் எழுகிறேன். கிணற்றடியில் குளிக்கிறேன். பழைய சோறு உண்கிறேன். சாலைக்குச் சென்று மூலைத் தொட்டியின் துணியை நனைத்து மூடுகிறேன். பிறகு அலுவல். வேறு சொல்வதற்கில்லை.

இனிச் செய்தி. ஏரித் திருநாளுக்கு இளையோர் ஆளுக்கொரு யானை வனைந்து கரையில் நிறுத்துவதும், எவருடைய யானை சூளையில் வெடிக்கிறதோ அவர் சாலையை விட்டு நீங்குவதும் நம் நாட்டு வழக்கம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். சென்ற ஆண்டு தாங்கள் அனுப்பிய குன்றத்து வெண்மண்ணில் வனைந்த யானைகளில் பெரும்பாலானவை கால் பிளந்தன. அழுதுகொண்டு மூட்டை கட்டியவர்களை வாயில்வரை கொண்டுவிட்டவள் சாலையின் ஆசிரியை, என் மனைவி நல்லினி. பிள்ளைகளின் கையில் பழுதில்லை, மண்ணில்தான் பழுது என்று அவள் அவையில் முறையிட்டாள். வழக்கத்தை மாற்ற வேந்தர் இசையவில்லை. மண்ணை மாற்ற இசைந்தார்.

அதன்பின் அவள் ஒவ்வொரு மண்ணையும் திரியாக உருட்டி விரலில் சுற்றிப் பார்த்தாள். வெண்மண் விரலிலேயே விண்டது. மேற்பூச்சுக்கு ஆகும், யானைக் காலுக்கு ஆகாது. குளத்துக் கருமண் நன்றாக வளைந்தது, உலரும்போது சுருங்கிப் பிளந்தது. தங்கள் துறையின் செம்மண், சலித்த மணல் சேர்த்தபின், வளைந்தும் நின்றது, வெந்தும் நின்றது. அக்கலவையை மூலைத் தொட்டியில் குழைத்து வைத்தாள். ஐப்பசிக் காய்ச்சலில் இறந்தாள். அந்த மண்ணில் இவ்வாரம் ஒரு யானை வனைந்து சுட்டோம். வெடிக்கவில்லை.

வேந்தர் பெயர் தாங்கிய சாலைக்குச் சேற்றையா அனுப்புவது, எம் எருமைகளே சிரிக்கும் என்று, செம்மண் கேட்டு வந்த தூதனிடம் தாங்கள் உரைத்து, மீண்டும் வெண்மண்ணே அனுப்பியிருக்கிறீர்கள். எருமைகள் சிரிக்கட்டும். அவை படுத்து மிதித்த இடத்து மண்ணே குழைவு மிக்கது, அதுவே வேண்டும். அது வாராவிடில் இவ்வாண்டும் பிள்ளைகள் மூட்டை கட்டுவர். அவர்களை வாயில்வரை கொண்டுவிட இப்போது நான் ஒருவனே இருக்கிறேன். எனக்கு அதற்குத் தெம்பில்லை.

ஆகவே வேந்தர் ஆணை: வளர்பிறை முடியுமுன், எருமைத் துறையின் செம்மண்ணை வெட்டி, வேரும் கல்லும் நீக்கி, ஈரத்துணியால் மூடி வண்டிகளில் அனுப்புக. தவறின் கரைமண் உரிமை அரண்மனைக்கு மீளும். இதற்குச் சான்றாக ஏழேரி முத்திரை இட்டோம்.

ஈரத்துணி எதற்கென்று தங்கள் வண்டிக்காரர் கேட்பர். அச்சொல்லை ஆணையில் சேர்த்தவன் நான். காய்ச்சலில் ஒருமுறை கண் திறந்து நல்லினி கடைசியாகச் சொன்னது அதுதான்: “தொட்டியை மூடினீர்களா? துணியை நன்றாக நனைத்துப் போடுங்கள். காய்ந்துவிடப் போகிறது.”